பிள்ளையின் எடை யாருக்கான தகவல்?

பழைய ரேங்க் கார்டுகளில் மதிப்பெண் கட்டங்களுக்குக் கீழே இரண்டு சிறிய கோடுகள் இருக்கும்: உயரம், எடை. ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பு ஆசிரியர் ஒருமுறை நிரப்புவார். பல கார்டுகளில் அவை கடைசிவரை காலியாகவே கிடக்கும். கையெழுத்துப் போடும் அப்பாவின் கண் கணக்கு மார்க்கில்தான் நிற்கும். ‘28 கிலோ’ என்று எழுதியிருந்தாலும் அது கூடுதலா குறைச்சலா, போன வருடம் எவ்வளவு இருந்தது, இனி என்ன செய்வது என்று அந்தக் கார்டு ஒரு வார்த்தையும் சொல்லாது.

பள்ளியில் பிள்ளைகளை எடை பார்க்கலாமா, பார்த்ததை வீட்டுக்கு எழுதி அனுப்பலாமா என்பது இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். அதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து கேரள–தமிழ்நாடு எல்லைக் கிராமங்களை மனத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் இஞ்சிவிளையிலும் காரோட்டிலும் பொழியூரிலும் அம்மா தமிழில் பேச, பிள்ளை மலையாளத்தில் படிக்கும் வீடுகள் உண்டு. களியக்காவிளைச் சந்தைக்கு இரண்டு பக்கத்து ஜனமும் வரும். பள்ளி வேன்களும் இரண்டு பக்கமும் ஓடும். பிள்ளையின் உடல்நலம் பற்றிய காகிதம் மட்டும் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை.

எடை பார்ப்பது இங்கே புதிதல்ல. 2013 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் பிறப்பு முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வரவேண்டும். கேரளத்தில் பொது சுகாதார நர்சுகளும் பள்ளிக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் ‘சிஸ்டர்’. ஆக, எடை பார்க்கலாமா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துபோனது. எப்படிப் பார்ப்பது, யாரிடம் எப்படிச் சொல்வது என்பவைதான் மிச்சம்.

எடை பார்க்கும் நாளில் ஒரு பள்ளி வராந்தா எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சிமென்ட் தரையில் எலக்ட்ரானிக் தராசு. பக்கத்துச் சுவரில் ஒட்டிய டேப். ஒரு டீச்சர் எண்ணை உரக்கச் சொல்ல, இன்னொரு டீச்சர் நோட்டில் எழுதுவார். வரிசையில் நிற்கும் முழு வகுப்பும் கேட்கும். ‘ஐம்பத்தி ரெண்டு’ என்று காதில் விழுந்ததும் பின்னால் சிரிப்பு கிளம்பும். அடுத்தவன் ‘பத்தொன்பது’ என்றதும் மறுபடி ஒரு சிரிப்பு. தடித்த பிள்ளைக்கும் மெலிந்த பிள்ளைக்கும் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை; வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரம்தான். ஆனாலும் அந்த எண் அறிவியலாகப் பயன்படுவதற்கு முன்பே அவமானமாகப் பயன்பட்டுவிடுகிறது.

அந்த எண்ணை அறிவியல் எப்படிப் படிக்கிறது? எடையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் உயரத்தையும் சேர்த்து உடல் நிறை குறியீடு என்ற பி.எம்.ஐ. கணக்கிடுகிறார்கள்: கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. சூத்திரத்தின் வேர் பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே 1830களில் செய்த ஆய்வில் இருக்கிறது. அவர் தேடியது சராசரி மனிதனை. தனி மனிதன் ஒருவன் குண்டா ஒல்லியா என்று தீர்ப்புச் சொல்வது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸ் 1972இல்தான் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்.

பெரியவர்களுக்கு 25 தாண்டினால் அதிக எடை என்று ஒரே கோடு போட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு அது நடக்காது. ஒரு வயதுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். ஐந்தாறு வயதில் பி.எம்.ஐ. தன் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் விறுவிறுவென்று உயர்கிறார்கள். ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பெண்களில் ஒருத்தி பருவமடைந்து, மற்றவள் அடையாமல் இருந்தால் பத்து கிலோ வித்தியாசம்கூட இயல்புதான். அதனால்தான் பிள்ளைகளின் எண்ணை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அங்கேயும் அளவெடுப்பின் தவறு புகுந்துவிடும். பத்து வயதுப் பையன், உயரம் 135 சென்டிமீட்டர், எடை 33 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 18.1 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வரைபடப்படி அந்த வயதில் அதிக எடைக்கான கோடு 18.5. பையன் கோட்டுக்குக் கீழே. அவனே சற்றுக் கூனி நின்று, டேப்பில் 133 என்று பதிவானால் கணக்கு 18.7 ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் தவறியதில் ‘அதிக எடை’ என்ற முத்திரை வந்துவிட்டது. உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதால் உயரத்தில் நேரும் சிறு பிழை இப்படிப் பெருகுகிறது. தராசைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். சுவரில் கோணலாக ஒட்டிய டேப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த விஷயத்தில் உலகம் ஒரு பெரிய பாடம் படித்திருக்கிறது. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் பள்ளிப் பிள்ளைகள் 20,000 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் பால், பாதிப் பேருக்கு இல்லை. பிப்ரவரியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை எடை பார்த்தார்கள். மறு ஆண்டே புள்ளியியலாளர் வில்லியம் கோசெட் அதன் ஓட்டைகளை எடுத்துக் காட்டினார். மெலிந்த பிள்ளைகளைப் பார்த்து மனமிரங்கிய ஆசிரியர்கள் அவர்களைப் பால் கிடைக்கும் பக்கத்தில் சேர்த்திருந்தார்கள். தவிர, பிப்ரவரிக் குளிரில் கனத்த உடுப்போடு எடை பார்த்த பிள்ளைகள் ஜூனில் லேசான உடுப்போடு நின்றார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்கால உடுப்பு அதிகம், ஏழைப் பிள்ளைக்குக் குறைவு. ஆகவே உடுப்பின் வித்தியாசம் உடம்பின் வித்தியாசத்தோடு கலந்துவிட்டது. இரக்கமும் கம்பளியும் சேர்ந்து 20,000 பிள்ளைகளின் கணக்கைக் குழப்பின.

ஆனால் லானார்க்ஷயரில் எடை பார்த்தது எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். பால் பலன் தருகிறதா என்று அறியத்தான். ஏறக்குறைய அதே காலத்தில் நம் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்கள் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டோடு வெண்ணெய் எடுத்த பாலைச் சேர்த்துக் கொடுத்து, உயரமும் எடையும் எப்படிக் கூடுகின்றன என்று பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பரீட்சை எழுதியது சாப்பாடு. பிற்காலத்தில்தான் அந்தப் பரீட்சையைப் பிள்ளையின் தலையில் வைத்தோம். பள்ளி எடை பார்ப்பது பற்றி எனக்கிருக்கும் முக்கியமான குறையே இதுதான்.

பிள்ளைக்கு முத்திரை குத்தி வீட்டுக்குக் கடிதம் அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் சோதித்துப் பார்த்த விஷயம்தான். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003இல் சட்டமே போட்டு, எல்லா அரசுப் பள்ளி மாணவர்களின் பி.எம்.ஐ.யையும் பெற்றோருக்கு எழுதியது. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மாசசூசெட்ஸ் 2013இல் வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் விதியைக் கைவிட்டது. கலிபோர்னியாவில் 2014 முதல் 2017 வரை 79 பள்ளிகளில், ஏறக்குறைய 29,000 மாணவர்களை வைத்துக் கறாரான ஓர் ஆய்வு நடந்தது. சில பள்ளிகளில் எடை பார்த்துக் கடிதமும் அனுப்பினார்கள். சிலவற்றில் எடை மட்டும் பார்த்தார்கள். சிலவற்றில் எதுவும் செய்யவில்லை. கடிதம் போன வீடுகளிலும் அதிக எடையுள்ள பிள்ளைகளின் எடையில் மாற்றமில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த மனக்குறை மட்டும் கூடியிருந்தது. சிங்கப்பூர் 1992 முதல் 2007 வரை குண்டான மாணவர்களைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்ய வைத்தது. பிள்ளைகள் கேலிக்கு ஆளாகிறார்கள் என்ற குறை நெடுநாள் இருந்தது. கடைசியில் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான நலத் திட்டத்துக்கு மாறினார்கள்.

இங்கிலாந்தில் 4-5 வயதிலும் 10-11 வயதிலும் பிள்ளைகளை அளக்கிறார்கள். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். முடிவு பிள்ளையிடம் சொல்லப்படுவதில்லை. வீட்டுக்குத் தனியாகப் போகிறது. அந்த ஏற்பாட்டில் மரியாதை இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எடை பார்ப்பதையே நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேற்சொன்ன அமெரிக்க, சிங்கப்பூர் அனுபவங்கள் குண்டான பிள்ளைகளைப் பற்றியவை. நம்முடைய பிரச்சினைக்கு இரண்டு பக்கம் உண்டு. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 23 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். இந்தியா முழுவதற்குமான கணக்கு இது. கேரளத்தின் நிலை பல வகையில் மேல்தான். ஆனாலும் பொழியூர்க் கடற்கரையிலும் வெள்ளறடை மலையடிவாரத்திலும் மெலிந்த பிள்ளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மறுபக்கமும் வேகமாக வளர்கிறது. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் 2003இல் 4.94 சதவீதமாக இருந்த அதிக எடை, 2005இல் 6.57 சதவீதமாயிற்று. இரண்டே ஆண்டில் இந்த ஏற்றம். அந்த ஏற்றம் முழுக்கத் தனியார் பள்ளிகளில்தான் காணப்பட்டது. அதிக எடையுள்ள பிள்ளைகளில் 17 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது. பள்ளிக்குப் போய் எடை பார்த்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது. மருத்துவக் குழு போவதோ அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும். எடை ஏறும் பிள்ளைகள் அதிகம் படிக்கும் தனியார் பள்ளிகள் அந்த வலைக்கு வெளியே இருக்கின்றன.

நம் உடம்பின் தனித்தன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் நண்பர் ஜான் யுட்கினோடு நிற்கும் படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தும் கொழுப்பு மிகுந்த உடல்வாகு நமக்குப் பிறப்பிலேயே தொடங்குகிறது என்று புணேக் கிராமத்துத் தாய்மார்களையும் சிசுக்களையும் வைத்து அவர் குழு காட்டியது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடத்தில் எச்சரிக்கைக் கோட்டை, பெரியவர்களின் 25க்குப் பதிலாக 23க்கு இணையாக இறக்கி வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரே பிள்ளை ஒரு வரைபடத்தில் இயல்பாகவும் இன்னொன்றில் அதிக எடையாகவும் தெரியலாம். எந்த வரைபடம் என்று சொல்லாமல் முத்திரையை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன பயன்?

பி.எம்.ஐ.யின் கண்ணுக்கே படாத பிள்ளையும் உண்டு. பத்து வயது, 124 சென்டிமீட்டர், 24 கிலோ. பி.எம்.ஐ. 15.6. இயல்பு என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த வயதுப் பையனின் நடு உயரம் ஏறக்குறைய 138 சென்டிமீட்டர். 125க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. எடையும் குறைந்து உயரமும் குறைந்ததால் கணக்குச் சரியாகிப் போய்விட்டது. பல வருடப் பசியை அந்தச் சூத்திரம் மறைத்துவிட்டது. ரத்தசோகையும் தராசில் தெரியாது. மத்தியானம் மரச்சீனி வயிறு நிறையத் தின்று வரும் பிள்ளைக்குத் தெம்பு இருக்கும். பச்சைக் கிழங்கு நூறு கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. கூட மீன்கறி இருந்தால்தான் அது முழுச் சாப்பாடு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பிள்ளையின் இன்றைய எண்ணைவிட, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையே நடந்ததைப் பார்க்க வேண்டும். பள்ளி வயதில், பருவமடைவதற்கு முன், ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயரும், இரண்டு மூன்று கிலோ கூடும். கோடு தட்டையானாலோ, சட்டென்று மேலே பாய்ந்தாலோ விசாரிக்க வேண்டும். எடை ஏறுகிறது, உயரம் நின்றுவிட்டது என்றால் தைராய்டைச் சோதிக்கச் சொல்வார் மருத்துவர். சாப்பாட்டினால் மட்டும் குண்டாகும் பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு உயரமாகவே இருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கி, தண்ணீர் அடிக்கடி குடித்து, அடிக்கடி சிறுநீர் போகும் பிள்ளைக்கு அன்றே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். காசநோயும் எடை குறைவதில் தலைகாட்டலாம். இவற்றையெல்லாம் ஒற்றை எண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதை நாம் செய்து காட்டியவர்கள்தாம். 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியில் நடந்த திட்டம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதம் தவறாமல் எடை பார்த்து, அம்மாவின் கண்முன்னே வளர்ச்சிக் கோட்டை வரைந்தார்கள். பார்த்தவர் அதே ஊர்ப் பெண். எடை போதிய அளவு கூடாத குழந்தைக்கு மட்டும் சத்துமாவு உருண்டை, குறைந்தது 90 நாள். கோடு மறுபடி ஏறியதும் உருண்டை நின்றுவிடும். குழந்தை குண்டா ஒல்லியா என்று யாரும் கேட்கவில்லை. வளர்கிறதா என்றுதான் கேட்டார்கள். தகவலும் உணவும் ஒரே கையிலிருந்து வந்ததால் அம்மாக்களும் நம்பினார்கள். திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறை நன்றாகக் குறைந்தது. ஆர்கன்சா கடிதத்துக்கும் கொட்டாம்பட்டித் தராசுக்கும் உள்ள வித்தியாசம் அந்த உருண்டையில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் எழுதிய பரிசோதனை நெறிகளிலும் இது உண்டு: கண்டுபிடித்த பிறகு சிகிச்சைக்கு வழி இருந்தால்தான் ஒரு நோயைத் தேடிப் போக வேண்டும். பள்ளி எடைக்கும் அதே நெறி பொருந்தும். கேரளப் பள்ளிகளில் அந்த வழி பாதி இருக்கிறது. 1984இல் கடலோர மீனவ கிராமப் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவி, இன்று வாரத்தில் முட்டையும் பாலும் சேர்ந்து கிடைக்கிறது. பள்ளிக் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு விதியும் வந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேருக்கு எடை எகிறியிருந்தால், பத்து வீட்டுக்குக் கடிதம் எழுதும் முன் கேட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டு வருவது நல்லது. பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடக்கிறதா என்றும் பார்க்கலாம்.

வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் உடம்பு பற்றி அறிய அம்மா அப்பாவுக்கு உரிமை உண்டு. எப்படிச் சொல்வது என்று கேட்டால், இப்படி ஒரு சீட்டு போதும் என்பேன்:

“உங்கள் மகன் போன ஜூனில் 128 சென்டிமீட்டர், 24 கிலோ இருந்தான். இந்த ஜூனில் 129 சென்டிமீட்டர், 24 கிலோ. இந்த வயதில் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும். புதன்கிழமை சிஸ்டர் பள்ளிக்கு வருகிறார். வேலைக்குப் போகும் முன் ஒரு எட்டு வந்து பேசிவிட்டுப் போங்கள். பள்ளியில் முட்டையும் பாலும் அவனுக்குத் தவறாமல் கிடைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.”

இதில் வசவு இல்லை, நிறக் கட்டம் இல்லை. அடுத்து என்ன, யாரைப் பார்க்க வேண்டும், பள்ளி என்ன செய்யும் என்பது இருக்கிறது. இது மடித்து ஒட்டிய கவரில் போக வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாகப் போகக் கூடாது. எல்லைக் கிராமத்தில் அம்மா படிக்கும் மொழியிலும் இருக்க வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னட சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. பிள்ளையின் வளர்ச்சி பற்றிய சீட்டைத் தமிழிலும் அச்சடிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் அம்மாவுக்கு, “ஒண்ணும் பயப்படாண்டாம் அக்கா, நம்ம பாத்துக்கலாம்” என்று சிஸ்டர் நேரில் சொல்வது எந்தச் சீட்டையும்விட மேல்.

அளவெடுப்பிலும் சில சீர்திருத்தம் வேண்டும். மறைப்புக்குப் பின்னால், ஒவ்வொருவராக, செருப்பும் பெல்ட்டும் கழற்றி, சாப்பாட்டுக்கு முன்பாக. எண்ணை உரக்கச் சொல்லாமல் அளப்பவரே எழுத வேண்டும். உயரத்தை இருமுறை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை என்பதை ஜூனிலும் ஜனவரியிலுமாக இருமுறை ஆக்கினால் கோடு வரையப் புள்ளிகள் கிடைக்கும். கோடை விடுமுறையில் மதிய உணவு இல்லாத இரண்டு மாதம் யார் உடம்பில் இறங்கியிருக்கிறது என்பதும் ஜூன் எடையில் தெரியும்.

கடைசியாக அந்த எல்லை. பாறசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குக் களியக்காவிளைக்கோ மார்த்தாண்டத்துக்கோ போனால், அங்கன்வாடி நாள் முதல் சேர்ந்த அளவுகள் கேரளத்துப் பதிவேட்டிலேயே தங்கிவிடுகின்றன. மாணவர் விவரப் பதிவுக்கு இங்கே ‘சம்பூர்ணா’, அங்கே ‘எமிஸ்’. புதிய பள்ளியில் முதல் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றுச் சான்றிதழோடு வளர்ச்சி அட்டையின் ஒரு நகலையும் இணைத்துக் கொடுக்க இரு மாநிலக் கல்வித் துறைகளும் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அதுவரை, அட்டையின் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்து, சேர்க்கை நாளில் புதிய வகுப்பாசிரியரிடம் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொல்லிவைக்கலாம்.